இரைச்சலில் மூழ்கும் அபயக்குரல்

மதுரையைச் சுற்றியுள்ள கிராமங்களில் மத்திய அலை வானொலி கேட்டுப் பழகியவர்கள் ஒன்றை அறிவார்கள். கிணற்று மோட்டாரை ஓடவிட்ட கணத்தில் வானொலிப் பெட்டி கரகரக்கத் தொடங்கும். அடுத்த வீட்டு மிக்ஸி, தையல் இயந்திரத்தின் மோட்டார், பழுதடைந்த குழல்விளக்கு என்று ஒவ்வொன்றும் தன் பங்குக்கு ஓர் இரைச்சலைச் சேர்க்கும். நிலையம் ஒலிபரப்பை நிறுத்திவிடவில்லை. நம் வானொலிப் பெட்டியும் பழுதாகவில்லை. இருந்தும் செய்தி நம் காதுக்கு வந்து சேர்வதில்லை.

வீட்டில் இது ஒரு சிறு எரிச்சல். கரையிலிருந்து நாற்பது, ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால், நள்ளிரவில் வலை இழுத்துக்கொண்டிருக்கும் விசைப்படகில் இதே இரைச்சல் உயிர்ப் பிரச்சினை. மீனவர் பாதுகாப்பு குறித்த நம் விவாதங்களில் எத்தனை கருவிகள் வழங்கப்பட்டன, எவ்வளவு மானியம் தரப்பட்டது என்பன பேசப்படுகின்றன. வழங்கிய கருவியில் குரல் தெளிவாகக் கேட்கிறதா என்ற கேள்வி பெரும்பாலும் எழுவதேயில்லை.

2017 நவம்பர் 30 அன்று கன்னியாகுமரிக்கு அருகே ஒக்கி புயல் உருவெடுத்தபோது, தூத்தூர் வட்டாரத்தின் ஆழ்கடல் படகுகள் பல, நாள்கள் சிலவற்றுக்கு முன்பே கரையை விட்டுப் போயிருந்தன. கைப்பேசிக் கோபுரங்களின் வீச்சு கடலில் ஏறத்தாழ 20 முதல் 25 கிலோமீட்டரோடு முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. தமிழகம், கேரளம் இரண்டிலுமாக இருநூறுக்கும் மேற்பட்ட மீனவர்கள் மாண்டனர் அல்லது மீளவே இல்லை.

அந்தத் துயரத்துக்குப் பின் தகவல்தொடர்புக் கருவிகள்மீது அரசுகளின் கவனம் திரும்பியது. செயற்கைக்கோள் தொலைபேசி, நாவிக் கருவி, விஎச்எஃப் வானொலி எனப் பலவும் மானியத்தில் வரத் தொடங்கின. 2024 ஆகஸ்ட் 30 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கரில் பிரதமர் தொடங்கிவைத்த திட்டத்தின்படி, கடலோர மாநிலங்களிலும் ஒன்றியப் பிரதேசங்களிலும் உள்ள மீன்பிடிக் கலங்களில் ஒரு லட்சம் டிரான்ஸ்பாண்டர்கள் பொருத்தப்பட வேண்டும். இதற்கான செலவு சுமார் 360 கோடி ரூபாய். வரவேற்க வேண்டிய முயற்சி. ஆனால், கருவியைப் பொருத்துவது பாதி வேலைதான். அந்தக் கருவி இயங்கும் மின்சூழலைச் சீர்செய்வது மீதிப் பாதி.

செயற்கைக்கோள் கருவி வந்த பிறகு பழைய வானொலி எதற்கு என்று கேட்கலாம். டிரான்ஸ்பாண்டர் அனுப்பும் ஆபத்துச் செய்தி கரையிலுள்ள கட்டுப்பாட்டு மையத்துக்குப் போகிறது. அங்கிருந்து மீட்புக் கப்பல் புறப்பட்டு வர மணிக்கணக்கில் ஆகும். பத்து, பதினைந்து கிலோமீட்டர் தொலைவில் நிற்கும் சக மீனவரின் படகு அதற்குள் வந்துவிட முடியும். அந்தப் படகை வாய்விட்டு அழைக்க உதவுவது, மீனவர்கள் 'வயர்லெஸ்' என்றும் 'வாக்கி டாக்கி' என்றும் சொல்லும் விஎச்எஃப் வானொலியே. உலகெங்கும் கடலில் ஆபத்து அழைப்புக்கென ஒதுக்கப்பட்டிருப்பது அதன் 16ஆம் அலைவரிசை, அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸ்.

தனக்கே தெரியாத செவிட்டுத்தன்மை

விஎச்எஃப் அலைகள் ஏறத்தாழ நேர்கோட்டில் செல்பவை. பூமியின் வளைவு அவற்றுக்கு எல்லை வகுக்கிறது. இரண்டு படகுகளின் ஆன்டெனாக்களும் கடல்மட்டத்திலிருந்து 4 மீட்டர் உயரத்தில் இருந்தால், அவை ஒன்றையொன்று எட்டும் தொலைவு சுமார் 16 கிலோமீட்டர். உயரம் 9 மீட்டரானால் அது ஏறத்தாழ 25 கிலோமீட்டராகும். இது பௌதிகம் அனுமதிக்கும் உச்சம். அந்த உச்சத்தை எட்டவிடாமல் தடுப்பது படகுக்குள்ளேயே பிறக்கும் மின் இரைச்சல்.

அதன் ஊற்றுக்கண்கள் பல. எஞ்சினோடு சேர்ந்து சுழன்று பேட்டரியை மின்னேற்றும் ஆல்டர்னேட்டர் ஒன்று. நாட்டுப்படகின் வெளிப்பொருத்து எஞ்சினில் தீப்பொறி தரும் பிளக் மற்றொன்று. நீர் இறைக்கும் பம்பின் மோட்டார், கைப்பேசி சார்ஜர், பேட்டரி மின்சாரத்தை 230 வோல்ட்டாக மாற்றும் இன்வெர்ட்டர் ஆகியவையும் உண்டு. இவற்றோடு அண்மைக்காலத்தில் சேர்ந்திருப்பது எல்இடி விளக்கு.

எல்இடி விளக்கு தன்னளவில் குற்றமற்றது. அதற்கு வேண்டிய அளவான மின்சாரத்தைத் தருவதற்காக உள்ளே ஒரு சிறு மின்சுற்று இருக்கிறது. அது மின்னோட்டத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி அனுப்புகிறது. ஒவ்வொரு வெட்டும் ஒரு சிறு வானொலி அதிர்வு. நல்ல தயாரிப்பில் அந்த அதிர்வு வெளியே கசியாதபடி வடிகட்டிகள் இருக்கும். விலையைக் குறைக்க நினைப்பவர் முதலில் கைவிடுவது அந்த வடிகட்டிகளைத்தான். அப்போது விளக்கை இணைக்கும் கம்பியே ஆன்டெனாவாகி இரைச்சலை ஒலிபரப்புகிறது.

இது வெறும் ஊகமன்று. 2018 ஆகஸ்டில் அமெரிக்கக் கடலோரக் காவல் படை இதற்கென ஓர் எச்சரிக்கையையே வெளியிட்டது. எல்இடி விளக்குகளால் கப்பல்களின் விஎச்எஃப் வானொலியும், கப்பலின் அடையாளத்தையும் இருப்பிடத்தையும் தானாக அறிவிக்கும் கருவியும் சரிவரப் பெற இயலாமல் போன நிகழ்வுகளை அது சுட்டிக்காட்டியது. மீட்பு மையம் ஒரு கப்பலை வானொலியில் தொடர்புகொள்ள முடியாமல் தவித்ததும் அவற்றுள் ஒன்று.

இரைச்சலின் வலிமை நான்கு மடங்கானால், தடையற்ற வெளிக்கான கணக்கின்படி, ஒரு குரலைக் கேட்கக்கூடிய தொலைவு பாதியாகிறது. பரப்பளவைக் கணக்கிட்டால் இழப்பின் உண்மையான அளவு விளங்கும். 20 கிலோமீட்டர் ஆரத்துக்குக் காதுகொடுக்க முடிந்த படகு சுமார் 1,256 சதுர கிலோமீட்டர் கடலைக் கேட்கிறது. ஆரம் 10 கிலோமீட்டராகச் சுருங்கினால் அது 314 சதுர கிலோமீட்டரை மட்டுமே கேட்கிறது. முக்கால் பங்கு கடல் அதற்கு ஊமையாகிவிடுகிறது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. என் படகின் இரைச்சல் நான் கேட்பதைக் கெடுக்கிறதே தவிர, நான் பேசுவதைக் கெடுப்பதில்லை. நான் அழைத்தால் மற்றவர்களுக்குக் கேட்கிறது. அருகில் உள்ளவர்கள் பதில் சொன்னால் எனக்கும் கேட்கிறது. ஆகவே, என் கருவி நன்றாகவே இருப்பதாக நம்புகிறேன். தொலைவிலிருந்து வரும் மெல்லிய குரல்தான் எனக்குக் கேட்காமல் போகிறது. கேட்காத குரல் வந்தது என்பதை அறிய எனக்கு வழியேயில்லை.

இதை மேலும் மோசமாக்குவது கருவியிலுள்ள 'ஸ்குவெல்ச்' என்னும் குமிழ். ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழுள்ள ஒலியை அடைத்துவிடுவது அதன் வேலை. இரவெல்லாம் இரையும் கருவியின் பக்கத்தில் யாராலும் உறங்க முடியாது. எனவே, இரைச்சல் அடங்கும் வரை குமிழைத் திருகிவைக்கிறார்கள். இரைச்சலோடு சேர்ந்து, அதைவிட மெல்லிய குரல்களும் வெளியே நின்றுவிடுகின்றன. கருவி இப்போது அமைதியாக இருக்கிறது, செவிடாகவும் இருக்கிறது.

மிட்டாய் வியாபாரியும் மருத்துவரும்

பொருளியல் மாணவர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. ரொனால்டு கோஸ் என்ற பொருளியலறிஞர் 1959இல் அமெரிக்க வானொலி ஒழுங்குமுறை ஆணையம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பின்னாளில் அவருக்கு 1991ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றுத் தந்த சிந்தனையின் விதை அதில் இருந்தது. அந்தச் சிந்தனை பிறந்ததே வானொலிக் குறுக்கீட்டைப் பற்றி யோசித்தபோதுதான்.

அதில் அவர் 1879ஆம் ஆண்டின் லண்டன் வழக்கு ஒன்றை எடுத்தாண்டார். ஒரு மிட்டாய் தயாரிப்பாளர் பல்லாண்டுகளாக உரல்களில் இடித்துத் தொழில் செய்துவந்தார். அவருடைய இடத்தை ஒட்டி ஒரு மருத்துவர் நோயாளிகளைப் பார்க்கும் அறையைக் கட்டினார். உரல் சத்தத்தால் நோயாளியின் நெஞ்சில் காது வைத்துச் சோதிக்க முடியவில்லை என்பது மருத்துவரின் புகார். நீதிமன்றம் மருத்துவர் பக்கம் நின்றது. கோஸ் சொன்னது வேறு: உரிமை யாருடையது என்பது தெளிவாக இருந்து, பேச்சுவார்த்தைக்குப் பெரிய செலவு இல்லையென்றால், இருவரும் பேசியே ஒரு நல்ல ஏற்பாட்டுக்கு வந்துவிடலாம்.

நம் படகில் அந்தப் பேச்சுவார்த்தை ஏன் நடப்பதில்லை? இரைச்சல் உண்டாக்குபவர் ஒரு படகில் இருக்கிறார். அதன் விலையைத் தருபவர் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி, நீர் புகுந்து அமிழ்ந்துகொண்டிருக்கும் வேறொரு படகில் இருக்கிறார். இருவருக்கும் ஒருவரையொருவர் தெரியாது. எந்தப் படகின் எந்த விளக்கால் தம் குரல் கேட்கவில்லை என்பது மூழ்குபவருக்கு ஒருபோதும் தெரியப்போவதில்லை. செலவு ஒருவருக்கு, சேதம் இன்னொருவருக்கு என்று பிரிந்துகிடக்கும் இத்தகைய இடத்தில் சந்தை தானாகத் தீர்வு தராது. பொது விதி ஒன்று வேண்டும்.

சந்தை தோற்பதற்கு இரண்டாவது காரணம், தகவலின்மை. கடையில் விளக்கு வாங்குபவர் வாட், வெளிச்சம், விலை மூன்றையும் பார்க்கலாம். அது உமிழும் இரைச்சலைப் பார்க்க முடியாது. தரத்தைக் காண முடியாத சந்தையில் மட்டமான சரக்கு நல்ல சரக்கை விரட்டிவிடும் என்று ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970இல் விளக்கினார். நூறு ரூபாய் விளக்கும் நானூறு ரூபாய் விளக்கும் ஒரே வெளிச்சம் தருமென்றால், மீனவர் முதலாவதை வாங்குவது அறியாமையல்ல. கையில் உள்ள தகவலைக் கொண்டு எடுத்த நியாயமான முடிவு.

அருகில் இருப்பவருக்குக் கேட்காமல் போவதன் விலை என்ன என்பதற்கு வரலாற்றில் பெரிய சான்று உண்டு. 1912 ஏப்ரலில் டைட்டானிக் மூழ்கியபோது 'கலிஃபோர்னியன்' என்ற கப்பல் அதற்கு அருகில் நின்றிருந்தது. அதன் வானொலி இயக்குநர், பனிக்கட்டி பற்றி டைட்டானிக்குக்குச் சொல்ல முயன்றார். அந்த அழைப்பு, அங்கு நடந்துகொண்டிருந்த வேறொரு பரிமாற்றத்துக்கு இடைஞ்சலாக இருந்ததால் வாயடைக்கப்பட்டார். பிறகு கருவியை நிறுத்திவிட்டு உறங்கப் போனார். அபயக்குரல் கேட்டு வந்து எழுநூறுக்கும் மேற்பட்டோரைக் காப்பாற்றியது, மிகத் தொலைவில் இருந்த 'கார்பேத்தியா'. அருகில் இருந்தவர் கெட்டவரல்லர்; அவருக்குக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

சில நூறு ரூபாய் வைத்தியம்

இந்த நோய்க்கு மருந்து எளிது. முதலில் நோயைக் கண்டறிய வேண்டும். அதற்குத் தனிக் கருவி எதுவும் வேண்டாம். எஞ்சினையும் எல்லா மின்சாதனங்களையும் நிறுத்திவிட்டு, பேச்சு எதுவும் இல்லாத ஓர் அலைவரிசையில் வானொலியை வைக்க வேண்டும். இரைச்சல் சற்றே அடங்கும் இடத்தில் ஸ்குவெல்ச் குமிழை நிறுத்த வேண்டும். பிறகு, ஒவ்வொரு சாதனமாக இயக்கிப் பார்க்க வேண்டும். எதை இயக்கும்போது வானொலி மீண்டும் இரைகிறதோ அதுதான் குற்றவாளி. எதற்கும் இரையவில்லையெனில் படகு நலமாக இருக்கிறது.

இரைச்சலின் தன்மையே அதன் பிறப்பிடத்தைச் சொல்லிவிடும். எஞ்சின் வேகம் கூடக்கூட ஏறும் ரீங்காரம் ஆல்டர்னேட்டருடையது. எஞ்சினோடு தாளம் தப்பாமல் வரும் 'டக் டக்' ஒலி தீப்பொறியினுடையது. விளக்கைப் போட்டதும் தொடங்கி, அணைத்ததும் நிற்கும் சீரான இரைச்சல் எல்இடி மின்சுற்றினுடையது.

அடுத்தது சிகிச்சை. விளக்குக்கும் பம்புக்கும் போகும் கம்பியிலிருந்தே வானொலிக்கும் கிளை இழுப்பது நம் படகுகளில் காணும் எளிய வழக்கம். அதை விடுத்து, பேட்டரியிலிருந்து வானொலிக்கென்றே ஃபியூஸுடன் கூடிய தனிக் கம்பி தர வேண்டும். நேர், எதிர்க் கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கிக் கொண்டுபோனால் அவை இரைச்சலை ஈர்ப்பது குறையும். எஞ்சினைக் கிளப்ப ஒரு பேட்டரி, வானொலிக்கு ஒரு பேட்டரி என்று பிரிக்க முடிந்தால் இன்னும் நல்லது. எஞ்சின் நின்றுபோன படகிலும் குரல் நிற்காது.

ஆன்டெனா படகின் மிக உயரமான இடத்தில், விளக்குகளிலிருந்து ஒரு மீட்டராவது விலகி நிற்க வேண்டும். ஒரே கம்பத்தில் ஆன்டெனாவையும் எல்இடி விளக்கையும் சேர்த்துக் கட்டுவதைத் தவிர்க்க வேண்டும். ஆன்டெனாக் கம்பியின் இணைப்புகளில் உப்புநீர் புகுந்து பச்சை பூத்தால், வரும் குரல் வழியிலேயே மெலிந்துவிடும். ஆண்டுக்கொரு முறை அவற்றைப் பிரித்துச் சுத்தம் செய்து, நீர் புகாதபடி அடைப்பது அவசியம்.

இரைச்சல் தரும் சாதனத்தை ஒட்டிய கம்பியில் ஃபெரைட் வளையம் ஒன்றை மாட்டலாம். கணினிக் கம்பிகளில் குமிழ்போலப் புடைத்திருக்கும் பகுதிக்குள் இருப்பது இதுவே. கம்பியை அதற்குள் இரண்டு, மூன்று முறை சுற்றி நுழைத்தால் பயன் கூடும். ஆல்டர்னேட்டருக்கு இரைச்சல் வடிகட்டி பொருத்தலாம். வெளிப்பொருத்து எஞ்சினுக்கு, அதைத் தயாரித்த நிறுவனம் பரிந்துரைக்கும், மின்தடை கொண்ட பிளக்கையே பயன்படுத்தலாம். இன்வெர்ட்டர் வைத்து 230 வோல்ட் விளக்கை எரிப்பதைவிட, பேட்டரியிலேயே நேரடியாக எரியும் விளக்கு மேல். இன்வெர்ட்டரின் இரைச்சலாவது இல்லாமல் போகும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இரைச்சல் தருகிறது என்பதற்காக, இரவில் படகை மற்றவர்களுக்குக் காட்டும் வழிகாட்டு விளக்குகளை அணைத்துவிடக் கூடாது. அது விபத்தை விலை கொடுத்து வாங்குவதாகும். அத்தகைய விளக்குகளை மாற்றுவதே வழி.

அரசு செய்யக் கூடியவை

கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்களும், மேற்குக் கடற்கரையில் ஜூன், ஜூலை மாதங்களிலும் மீன்பிடித் தடைக்காலம் நடப்பில் இருக்கிறது. படகுகள் கரையேறிப் பழுதுபார்க்கப்படும் காலமும் அதுவே. மீன்வளத் துறை அலுவலர்கள் படகுகளை நேரில் ஆய்வு செய்வதும் அப்போதுதான். அந்த ஆய்வில் வானொலி இருக்கிறதா என்று பார்ப்பதோடு, மேற்சொன்ன சோதனையையும் சேர்த்துவிடலாம். ஒரு படகுக்குப் பத்து, பதினைந்து நிமிடங்கள் போதும்.

மானிய விதியிலும் ஒரு திருத்தம் தேவை. கருவியின் விலைக்கு மட்டும் மானியம் தந்து, பொருத்துவதை மீனவரின் தலையில் விடுவது, மருந்துக்குப் பணம் தந்து மருத்துவரை மறுப்பதுபோல. தனிக் கம்பி, ஃபியூஸ், ஃபெரைட் வளையம், பொருத்தும் கூலி எல்லாம் சேர்ந்ததே ஒரு கருவி என்று கொள்ள வேண்டும். சோதனையில் தேறிய பிறகே மானியக் கோப்பு முடிக்கப்பட வேண்டும். கருவியின் விலையோடு ஒப்பிட்டால் இந்தக் கூடுதல் செலவு மிகச் சிறிது; அது இல்லாவிட்டால் பெரிய செலவு வீண்.

தரக் கட்டுப்பாட்டிலும் ஓர் இடைவெளி இருக்கிறது. எல்இடி விளக்குகளுக்கும் சார்ஜர்களுக்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவு உண்டு. அது முதன்மையாக மின்னதிர்ச்சி, தீ போன்ற ஆபத்துகளைப் பற்றியது. வானொலிக் குறுக்கீட்டுக்கான உலக அளவிலான சிறப்புக் குழு 1934இலேயே அமைக்கப்பட்டு, விளக்குகளுக்கான வரம்பையும் வகுத்திருக்கிறது. கப்பல் கருவிகளுக்குத் தனித் தரமும் இருக்கிறது. மீன்பிடித் துறைமுகங்களில் விற்கும் படகு விளக்குகளுக்காவது அந்த வரம்பைக் கட்டாயமாக்கி, அட்டைப்பெட்டியில் தமிழில் குறிக்கச் செய்யலாம்.

இதைச் செய்யும் கைகளும் வேண்டும். படகின் மின்வேலையைப் பெரும்பாலும் செய்வது, வீட்டுக்கும் வாகனத்துக்கும் கம்பி இழுத்துப் பழகிய உள்ளூர் எலக்ட்ரீசியன்தான். அவர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி போதும். அதைத் தரக்கூடிய நிறுவனங்கள் நம்மிடம் உள்ளன. தூத்துக்குடியில் 1977 முதல் மீன்வளக் கல்லூரி இயங்குகிறது. சென்னையில் மத்திய மீன்வளக் கடல்சார் பொறியியல் பயிற்சி நிறுவனத்தின் பிரிவு இருக்கிறது. தொழிற்பயிற்சி நிலையங்கள் மாவட்டந்தோறும் உண்டு.

கடலில்லாத மதுரைக்கு இதில் என்ன அக்கறை என்று தோன்றலாம். கரிமேட்டிலும் நெல்பேட்டையிலும் நாம் வாங்கும் மீனின் விலையில் டீசல் இருக்கிறது, பனிக்கட்டி இருக்கிறது, லாரி வாடகை இருக்கிறது. பிடித்தவரின் உயிருக்கான ஆபத்து மட்டும் அந்த விலையில் சேராமல், கடலோரக் குடும்பங்களின் கணக்கிலேயே எழுதப்படுகிறது. அந்த ஆபத்தைக் குறைக்கும் சிறு செலவைப் பொதுப்பணத்திலிருந்து ஏற்பது தயவல்ல. நாம் தர வேண்டிய பாக்கி.

இவையெல்லாம் நடைமுறைக்கு வரும் வரை, எந்தச் செலவும் இல்லாத வழி ஒன்றும் இருக்கிறது. அக்காலக் கப்பல்களின் வானொலி அறைக் கடிகாரங்களில் சிவப்பும் பச்சையுமாகச் சில பகுதிகள் வண்ணமிடப்பட்டிருக்கும். ஒவ்வொரு மணி நேரத்திலும் அந்த மூன்று நிமிடப் பகுதிகள் வரும்போதெல்லாம் அபாய அலைவெண்களில் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டு, எங்கேனும் மெல்லிய அபயக்குரல் எழுகிறதா என்று காதுகொடுத்துக் கேட்க வேண்டும். தானியங்கி அபாய அறிவிப்பு முறை 1999இல் முழுமையாக நடைமுறைக்கு வந்தபோது பெரிய கப்பல்களில் அந்த மரபு தேவையற்றுப் போனது. நம் மீன்பிடிப் படகுகளுக்கு அது இன்றும் பொருந்தும்.

மணிக்கு ஒருமுறை, மூன்று நிமிடங்கள்: இன்வெர்ட்டரையும் சார்ஜரையும் தேவையற்ற விளக்குகளையும் நிறுத்திவிட்டு, ஸ்குவெல்ச் குமிழைத் திறந்து, 16ஆம் அலைவரிசையைக் கேட்பது. மீனவர் சங்கங்கள் கூடித் தீர்மானித்தால் நாளையே தொடங்கிவிடலாம்.